உத்தரத்துக்குள்ளே ஜல்லி என்ன செய்கிறது?

1955-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தைச் சேர்ந்த ஷெல்பி என்ற ஊரில், விமானப் படைக்குச் சொந்தமான ஒரு பெரிய சரக்குக் கிடங்கின் கூரை திடீரென்று இடிந்து விழுந்தது. சுமார் 4,000 சதுர அடிக் கூரை ஒரே மூச்சில் தரைக்கு வந்துவிட்டது. புயல் அடிக்கவில்லை. பூமி அதிரவில்லை. கோடைக் காலமாகையால் கூரைமேல் பனிச் சுமையும் கிடையாது. தன் சொந்தக் கனத்தைத் தவிர வேறெதையும் அந்தக் கூரை அன்று சுமந்துகொண்டிருக்கவில்லை!

கட்டியவர்கள் கத்துக்குட்டிகளும் அல்லர். 400 அடி அகலமான கிடங்கு. குறுக்கே ஆறு கண்கள். கண் ஒன்றுக்கு ஏறக்குறைய 67 அடி. அதைத் தாங்கிய கான்கிரீட் உத்தரங்கள் மூன்றடி ஆழமானவை. அன்றைய அமெரிக்க விதிப் புத்தகத்தின்படி அந்த ரகக் கான்கிரீட்டில் சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு வரை வெட்டு விசையை அனுமதிக்கலாம். அனுமதிக்கலாம் என்றால், உடைவதற்கு இன்னும் வெகு தூரம் இருக்கிறது என்று பொருள். ஷெல்பி உத்தரமோ 70 பவுண்டிலேயே ஒடிந்துவிட்டது.

விதிப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டிய உத்தரம், அந்தப் புத்தகம் அனுமதித்த விசை வருவதற்கு முன்பே ஒடிந்தது என்றால் எந்த எஞ்சினீயருக்குத்தான் தூக்கம் வரும்? அடுத்த வருஷம் ஜார்ஜியா மாகாணத்திலுள்ள ராபின்ஸ் விமானப் படைத் தளத்தில், அதே மாதிரியான கிடங்கு ஒன்றிலும் இதே கதை நடந்தது. 1956-லேயே விதிகள் இறுக்கப்பட்டன. நிபுணர் குழு ஒன்று உட்கார்ந்து ஆராய்ந்து 1962-ல் நீண்ட அறிக்கை ஒன்றைக் கொடுத்தது. அதற்குப் பின் பல நாடுகளில் தொடர்ந்த ஆராய்ச்சியில், அதுவரை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்தாத ஓர் ஆசாமியின்மேல் பார்வை விழுந்தது. அந்த ஆசாமி வேறு யாருமல்ல. கான்கிரீட்டில் கலக்கிற ஜல்லிதான்.

இடத்தை அடைக்கும் சரக்கா?

வீடு கட்டுகிற குடும்பத்தில் சிமெண்டுக்கு இருக்கிற மதிப்பு ஜல்லிக்கு இல்லை. சிமெண்டு எந்தக் கம்பெனி என்று விசாரிப்பார்கள். மழையில் நனையாமல் மூட்டைகளை உள்ளே அடுக்குவார்கள். கம்பியை எண்ணி, எடை பார்த்து வாங்குவார்கள். ஜல்லியோ லாரியிலிருந்து தெருவோரத்தில் கொட்டப்படுகிறது. பிள்ளைகள் ஏறிச் சறுக்கி விளையாடுகிறார்கள். இரவில் தெரு நாய் அதன்மேல் சுகமாகப் படுத்துக்கொள்கிறது. சிமெண்டு விலை உசத்தி, ஆகையால் இடத்தை அடைக்கக் கல்லைப் போடுகிறார்கள் என்பதுதான் பொதுவான எண்ணம்.

இதில் பாதி உண்மை உண்டு. கான்கிரீட்டின் பருமனில் கல்லும் மணலும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை பிடித்துக்கொள்கின்றன. சிமெண்டுப் பசை காயும்போது சுருங்கும், கல் சுருங்காது. ஆகவே கல் அதிகமாக இருந்தால் சுருக்கமும் குறையும், செலவும் குறையும். ஆனால் ஜல்லியின் வேலை இதோடு முடிந்துவிடவில்லை.

ஓர் உத்தரம் பெரும்பாலும் இரண்டு விதமாக உடையும். நடுவில் தொய்ந்து, அடிப்புறத்தில் நேராக விரிசல் விட்டு, கம்பி இழுபட்டு உடைவது ஒரு விதம். இது கொஞ்சம் கண்ணியமான முறிவு என்று சொல்லலாம். முதலில் வளையும், விரிசல் தெரியும், பூச்சு உதிரும், உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓட அவகாசம் கிடைக்கும். இரண்டாவது விதம் தூணுக்கு அருகே, சாய்வாகக் கிளம்பும் விரிசல். கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளுக்கு நடுவே துணி அகப்பட்டதுபோல, தூண் கீழிருந்து மேலே தள்ள, சுமை மேலிருந்து கீழே தள்ள, உத்தரம் குறுக்காக வெட்டுப்படுகிறது. இந்த முறிவுக்கு முன்னறிவிப்பு கிடையாது. ஷெல்பியில் நடந்தது இதுதான்.

சாய்வு விரிசல் விழுந்த அந்தக் கணத்தில் உத்தரம் இரண்டு துண்டு. பின் ஏன் எல்லா உத்தரங்களும் உடனே விழுந்துவிடுவதில்லை? நடுவே யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

கடலை மிட்டாய் சொல்லும் பாடம்

ஒரு கடலை மிட்டாயை உடைத்துப் பாருங்கள். பாகு கொஞ்சம் இளகலாக இருந்தால், முறிவு கடலையைச் சுற்றிக்கொண்டு போகும். ஒரு துண்டில் கடலை துருத்திக்கொண்டு நிற்கும். மறு துண்டில் அதே அளவுக்குக் குழி இருக்கும். இரண்டு துண்டுகளையும் மறுபடி சேர்த்துப் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்றை மேலும் கீழுமாக வழுக்கச் செய்து பாருங்கள். வழுக்காது. பல்லும் பள்ளமுமாகக் கடித்துக்கொள்ளும்.

கான்கிரீட்டிலும் இதே கதைதான். சாதாரணக் கான்கிரீட்டில் சிமெண்டுப் பசையைவிடக் கருங்கல் ஜல்லி பலமானது. விரிசல் கல்லைப் பிளக்க முடியாமல் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆகவே விரிசலின் இரு முகங்களும் கரடுமுரடாக, ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கின்றன. உடைந்த பிறகும் உத்தரம் சுமையைத் தாங்குகிறது என்றால், அதில் பெரும் பங்கு இந்தக் கடிக்குத்தான்.

நியூஜிலாந்தில் கான்டர்பரி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபென்விக், பாலே என்ற இருவர் இதை அளந்து காட்டி 1968-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். பிரிட்டனில் டெய்லர் என்பவர் பங்கு பிரித்தே சொன்னார். வளையக் கம்பி இல்லாத உத்தரத்தில், விரிசலுக்கு மேலே உடையாமல் மிஞ்சியிருக்கும் கான்கிரீட் வெட்டு விசையில் 20 முதல் 40 சதவீதம் தாங்குகிறது. அடியிலுள்ள நீளக் கம்பி ஆப்புபோல நின்று 15 முதல் 25 சதவீதம் தாங்குகிறது. ஜல்லியின் கடியோ 33 முதல் 50 சதவீதம்! தெரு நாய்க்குப் படுக்கையாயிருந்த ஜல்லிதான் கட்சியில் பெரிய பங்காளி.

இப்போது ஷெல்பிக்குத் திரும்பினால் விஷயம் விளங்கிவிடும். அங்கே உத்தரத்தின் மேல் கம்பி ஓரிடத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. அதற்குச் சுமார் ஒன்றரை அடி தள்ளி விரிசல் விழுந்தது. அந்த இடத்தில் வளையக் கம்பியே இல்லை. போதாக்குறைக்கு, கான்கிரீட் காய்ந்து சுருங்கியதாலும் குளிர்ந்து குறுகியதாலும் உத்தரம் இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டிருந்தது. சுருங்க இடம் கொடுக்க வேண்டிய இணைப்புகள் இறுகிப் போயிருந்தன. மூன்றில் ஒரு பங்கு அளவில் அதே மாதிரி உத்தரங்களைச் செய்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். இழுப்பு இல்லாதபோது உத்தரம் நன்றாகவே தாங்கியது. இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே சுமையேற்றியபோது பலம் பாதியாகிவிட்டது. பின்னால் வந்த ஆராய்ச்சியின் வெளிச்சத்தில் பார்த்தால் காரணம் எளிது. இழுத்தால் விரிசல் அகலும். அகன்றால் பல் பள்ளத்தைவிட்டு விலகும். விலகினால் கடி ஏது?

கெட்டியான கான்கிரீட்டின் வேடிக்கை

கான்கிரீட்டை இன்னும் பலமாக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று தோன்றும். இங்கேதான் ஒரு வேடிக்கை. பாகு நன்றாக முறுகிப்போன கடலை மிட்டாயை உடைத்தால், முறிவு கடலையையே இரண்டாக வெட்டிக்கொண்டு நேராகப் போகும். முகம் வழவழப்பாக இருக்கும். அதுபோல மிகவும் பலமான கான்கிரீட்டில் விரிசல் ஜல்லியைப் பிளந்துகொண்டு போய்விடுகிறது, கடி குறைகிறது. நசுக்கினால் தாங்கும் பலம் ஏறுகிற வேகத்தில் வெட்டு விசையைத் தாங்கும் பலம் ஏறுவதில்லை. இலேசான செயற்கை ஜல்லியிலும் இதே குறை உண்டு. கனடா நாட்டு விதியில் இத்தகைய கான்கிரீட்டுக்கு ஜல்லியின் அளவைப் பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது, கல் இருந்தும் இல்லாததற்குச் சமம்!

உத்தரம் ஆழமாக ஆக இன்னொரு சங்கடம். ஓரடி உத்தரத்திலும் முக்கால் அங்குல ஜல்லிதான். ஆறடி உத்தரத்திலும் அதே முக்கால் அங்குல ஜல்லிதான். ஆழமான உத்தரத்தில் விரிசல் அகலமாகத் திறக்கிறது. கல்லின் பல் மட்டும் வளரவில்லை. ஆகவே சதுர அங்குலக் கணக்கில் பெரிய உத்தரம் சின்ன உத்தரத்தைவிடப் பலவீனம். டொராண்டோ பல்கலைக் கழகத்தில் 1960-களில் கானி என்ற பேராசிரியர் இதைச் சோதனையில் காட்டினார். அதே இடத்தில் 2015-ல் நான்கு மீட்டர் ஆழமான கான்கிரீட் பாளம் ஒன்றை வார்த்து உடைத்தும் பார்த்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு 2019-ஆம் வருஷப் பதிப்பில்தான் அமெரிக்க விதி, வளையக் கம்பி போதாத உத்தரங்களுக்கு இந்த ஆழக் குறைவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. ஷெல்பியிலிருந்து எண்ணினால் 64 வருஷம்! விதிப் புத்தகங்கள் நடக்கும் வேகம் அப்படி.

நம் நாட்டில் 2000-ஆம் வருஷம் வெளிவந்த ஐ.எஸ். 456 விதியின் வெட்டு விசை அட்டவணை, கான்கிரீட் எந்த ரகம், நீளக் கம்பி எத்தனை சதவீதம் என்ற இரண்டை மட்டும்தான் கேட்டது. உத்தரம் எவ்வளவு ஆழம், ஜல்லி என்ன அளவு என்று கேட்கவில்லை. ஆனால் அது வேறொரு காவலைப் போட்டது. வாசல்மேல் வைக்கும் லிண்டல் போன்ற சிறு உறுப்புகள் நீங்கலாக, உத்தரம் எதுவாயினும் குறைந்தபட்ச வளையக் கம்பி இருந்தே தீர வேண்டும் என்றது.

வளையக் கம்பி என்பது, கம்பி கட்டுகிறவர்கள் ‘ரிங்’ என்று சொல்கிறார்களே, அதுதான். அது செய்கிற முக்கியமான காரியம் என்னவென்றால், விரிசலின் இரண்டு முகங்களும் விலகாமல் இறுக்கிப் பிடிப்பது. பிடித்திருக்கும் வரை கல் கடித்துக்கொண்டிருக்கும். கம்பியும் கல்லும் கூட்டாளிகள். கம்பி மிச்சம் பிடிக்கிறேன் என்று தூணுக்கருகே நாலு ரிங்கைக் குறைக்கும் மேஸ்திரி, கல்லின் கடியையும் சேர்த்தே குறைக்கிறார்.

கல்லே பகையானால்?

இதுவரை நல்ல கல்லின் கதை. எல்லாக் கல்லும் நல்ல கல் அல்ல.

கலிபோர்னியாவில் சாலினாஸ் பள்ளத்தாக்கில் போட்ட கான்கிரீட் சாலை ஒன்றும், அக்கம்பக்கத்துப் பாலங்களும் சில வருஷங்களுக்குள் வலைபோல் விரிசல் விட்டன. சிமெண்டு சோதனையில் தேறியிருந்தது. கல்லும் சோதனையில் தேறியிருந்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் விபரீதம். மாகாண நெடுஞ்சாலை இலாகாவில் இருந்த தாமஸ் ஸ்டான்டன் என்ற எஞ்சினீயர் 1940-ல் இந்த மர்மத்தை விடுவித்தார். சில கற்களில் உள்ள ஒருவகை சிலிக்கா, சிமெண்டிலுள்ள காரத்தோடு சேர்ந்து பசைபோன்ற ஒரு பொருளாகிறது. அந்தப் பசை தண்ணீரை உறிஞ்சி வீங்குகிறது. கல்லுக்குள்ளிருந்தே கான்கிரீட் வெடிக்கிறது. காரம், அந்த ரக சிலிக்கா, ஈரம் ஆகிய மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வீக்கம் இல்லை. சிமெண்டில் காரம் 0.6 சதவீதத்துக்கு மேல் போகலாகாது என்ற பழைய வரம்பு அவருடைய ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததுதான்.

இது உத்தரத்தை என்ன செய்யும் என்பதற்கு ஜப்பான் ஒரு பாடம். நாடு வேகமாகக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே ஆற்றுக் கூழாங்கல் தட்டுப்பாடாயிற்று. மலைக் கல்லை உடைத்து ஜல்லியாக்கினார்கள். ஒஸாகா, கோபே வட்டாரத்தில் ஹன்ஷின் அதிவேகச் சாலை தூண்கள்மேல் போகிறது. தூணின் தலையில், இரண்டு கைகளையும் நீட்டியதுபோல் பெரிய உத்தரங்கள். 1982-ல் அவற்றில் விரிசல்கள் தெரிந்தன. ஆண்டிசைட் என்ற எரிமலைக் கல்தான் குற்றவாளி. 1986-ல் அரசாங்கம் கல்லைச் சோதிக்கவும் காரத்தைக் கட்டுப்படுத்தவும் விதி செய்தது. கட்டிவிட்டவற்றுக்கு விரிசலை அடைத்து, ஈரம் புகாமல் பூச்சுப் பூசினார்கள். உத்தரத்தின் பலம் பெரிதாகக் குறையவில்லை என்று சோதனைகளும் ஆறுதல் சொல்லின.

ஆறுதல் சொன்னதில் நியாயம் உண்டு. கல் வீங்கும்போது வளையக் கம்பி அதை இறுக்கிப் பிடிக்கிறது. பிடிக்கப் பிடிக்கக் கான்கிரீட் உள்ளுக்குள் நெருக்குண்டு, விரிசல்கள் திறக்காமல் நிற்கின்றன. வீங்கிய உத்தரம் வெட்டு விசையில் வீங்காத உத்தரத்துக்குச் சமமாக, சில சமயம் கொஞ்சம் அதிகமாகவே தாங்கியதைப் பல நாட்டுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ரிங் இல்லாவிட்டால் நிலைமை வேறு. நெதர்லாந்தில் நெடுஞ்சாலைப் பாலங்களிலிருந்து வளையக் கம்பி இல்லாத பாகங்களை உத்தரங்களாக அறுத்தெடுத்து உடைத்தார்கள். கணக்குப்படி வரவேண்டிய பலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் தேறியது.

ஜப்பானியர்களுக்கு வேறொரு அதிர்ச்சி காத்திருந்தது. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில், அந்தப் பழைய உத்தரங்களின் மேல் கான்கிரீட்டைக் கொத்திப் பார்த்தபோது, உள்ளே வளையக் கம்பிகள் அறுந்து கிடந்தன! துரு தின்றதல்ல. கம்பியை மடக்கிய மூலையில் படக்கென்று முறிந்திருந்தன. கம்பியைச் சின்ன வட்டத்தில் மடக்கும்போது உள்மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுகிறது. கல் வருஷக்கணக்கில் வீங்கி இழுக்க, அந்தக் கீறல் வளர்ந்து கம்பி அறுகிறது. கல்லின் கடியைக் காப்பாற்ற வைத்த காவல்காரனைக் கல்லே கொன்றுவிட்டது. வெளியே விரிசலை அடைத்துப் பூச்சுப் பூசிய உத்தரத்தில், உள்ளே எத்தனை வளையங்கள் அறுந்திருக்கின்றன என்று கொத்தாமல் சொல்வது எப்படி? அதற்கான கருவிகளைத் தேடுவதே அங்கே தனி ஆராய்ச்சியாகிவிட்டது.

நம் மலைகள் எப்படி?

இந்தியாவும் இந்த நோய்க்குத் தப்பவில்லை. 1957-ல் திறந்த ஒரிஸாவின் ஹிராகுட் அணையிலும், 1962-ல் முடிந்த உத்தரப் பிரதேசத்து ரிஹந்த் அணையிலும் இதே வீக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே எரிமலைக் கல் இல்லை. யுகயுகமாகப் பூமிக்கடியில் நெருக்குண்டு உருக்குலைந்த குவார்ட்ஸ் உள்ள கல். இந்த ரகம் அவசரப்படாது. பத்து, இருபது வருஷம் கழித்து மெள்ளத் தலைகாட்டும்.

தமிழ்நாட்டுக் கருங்கல் ஜல்லிக்கு நல்ல பெயர் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம், பரங்கிமலை முதலிய இடங்களில் கிடைக்கிற நீலம் கலந்த கருங்கல்லுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு இந்தக் கல் போயிருந்தது. அதனால் இந்தப் பெயர்! அழுத்தத்துக்கு அசையாத கல். கல் அரிதான வங்காள தேசத்தில் செங்கல்லைச் சுட்டு, அதை உடைத்து ஜல்லியாக்கிக் கட்டுகிறார்கள். அவர்களோடு பார்த்தால் தமிழ்நாடு பாக்கியசாலிதான். ஆனால் நெருக்குண்ட குவார்ட்ஸ் என்பது கிரானைட், நைஸ், சார்னோகைட் ஆகிய எதிலும் இருக்கக்கூடும். மலைக்கு மலை, ஒரே மலையில் பக்கத்துக்குப் பக்கம் கல் மாறும். எல்லாம் கருங்கல்தானே என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சொல்ல வழி இருக்கிறது. கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நிலநூல் படித்தவர் குவார்ட்ஸின் யோக்கியதையைச் சொல்லிவிடுவார். கல்லைப் பொடித்துச் சாந்துக் கட்டி செய்து, 80 டிகிரி சூட்டில் காரக் கரைசலில் 14 நாள் ஊறவைத்து, எவ்வளவு நீளுகிறது என்று அளப்பது இன்னொரு சோதனை. 0.10 சதவீதத்துக்குள் என்றால் பெரும்பாலும் பயமில்லை, 0.20-ஐத் தாண்டினால் ஆபத்து. மெதுவாக வீங்கும் கல்லைப் பிடிக்கக் குறைந்த சூட்டில் மாதக்கணக்கில் வைத்தும் அளக்கிறார்கள். சந்தேகமான கல் தவிர வேறு கல் இல்லை என்றாலும் வழி உண்டு. அனல் மின் நிலையத்துச் சாம்பலைச் சிமெண்டில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் கலந்தால் பெரும்பாலும் வீக்கம் அடங்கிவிடும். மேட்டூர்ச் சாம்பல் இப்படித்தான் சிமெண்டோடு சேர்ந்து வீடுகளுக்குள் போகிறது.

வீக்கம் போகட்டும், கடி நன்றாக இருக்க வேண்டுமே, அதற்குப் பார்க்க வேண்டியவை கண்ணுக்கே தெரியும். ஜல்லி கட்டை குட்டையாக, முனைகளோடு இருக்க வேண்டும். சில்லுச் சில்லாக, ஊசி ஊசியாக இருந்தால் கான்கிரீட் நெருங்காது. சில்லும் எளிதில் ஒடியும். இரண்டு குறையும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்டலாகாது என்று 2016-ஆம் வருஷத்து ஐ.எஸ். 383 விதி சொல்கிறது. கல்மேல் மாவுபோல் தூசி ஒட்டியிருந்தால் சிமெண்டு கல்லைப் பிடிக்காமல் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கழுவித்தான் போட வேண்டும். கம்பிகள் நெருக்கமான இடத்தில் பெரிய ஜல்லி கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு, அடியில் பொந்து விழும். ஆகையால் கம்பி இடைவெளியைவிட ஜல்லி 5 மில்லிமீட்டராவது சின்னதாக இருக்க வேண்டும். தூணும் உத்தரமும் சந்திக்கிற இடத்தில்தான் கம்பி நெருக்கம் அதிகம். வெட்டு விசையும் அங்கேதான் அதிகம்.

பெரிய வேலைகளில் இந்தச் சோதனைகளெல்லாம் நடக்கத்தான் செய்கின்றன. குவாரியின் பெயர் போட்ட சான்றிதழ் ஆபீஸ் பைலில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வேலை இரண்டு வருஷம் ஓடும். நடுவில் குவாரியின் உரிமக் காலம் முடியும். அல்லது விலை ஏறும். லாரி வேறு மலைக்குப் போகும். கல் மாறினால் சோதனையும் மறுபடி செய்ய வேண்டும் என்பது எஞ்சினீயர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் புதுக் கல்லின் சாந்துக் கட்டி ஆய்வுக்கூடத்தில் 14 நாள் ஊற வேண்டியிருக்கிறது. சென்டரிங் தயாராகி, கம்பி கட்டி முடிந்து, கலவை இயந்திரம் ஓடத் தொடங்கிய இடத்தில் அந்த 14 நாள் யாருக்கும் கிடைப்பதில்லை. கட்டி ஊறிக்கொண்டிருக்கும்போதே, அதன் மலையிலிருந்து வந்த ஜல்லி உத்தரத்துக்குள் போய்விடுகிறது.